அத்தியாயம் 7: தண்ணீர் மேல் விழுந்த பழி

2020-ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடித்தது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டியது. குளிக்கத்தான் ஆளில்லை. கொரோனாவுக்குப் பயந்து மார்ச் மாதம் போட்ட தடை சீசன் முழுக்க நீடித்து, ஐப்பசி மழையையும் தாண்டி, டிசம்பர் 15-இல்தான் விலகியது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்ததும் மறுபடி தடை. அந்த ஆண்டும் டிசம்பர் 20 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டம், தன் முதல் இரண்டு சீசன்களையும் பூட்டிய அருவிகளோடுதான் கழித்தது.

குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாக மதுரை சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் வந்தால் கடையநல்லூர். மேற்கே மலை, அடிவாரத்தில் 72 அடிக் கருப்பாநதி அணை, ஊரைச் சுற்றி வயலும் குளமும் பம்புசெட் கிணறும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் கரிசல் தொடங்கிவிடும். நீல ஓடு பதித்த நீச்சல் குளமெல்லாம் பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு நீச்சல் குளம் என்றால் தோட்டத்துக் கிணறுதான். இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டி இறக்கிவிடுவார்கள். கை கால் அடிக்கப் பழகியதும் கேனை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறம் மேட்டிலிருந்து குதிப்பதை யாராலும் தடுக்க முடியாது.

நகரத்துக் குளத்துக்குப் பூட்டு உண்டு. மத்திய உள்துறை அமைச்சகம் 2020 அக்டோபர் 15 முதல் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் நீச்சல் குளங்களைத் திறக்கலாம் என்றது. எல்லோரும் இறங்கலாம் என்ற அனுமதி 2021 பிப்ரவரி 1 முதல் வந்தது. தோட்டத்துக் கிணற்றுக்கு அரசாணை போட்டுப் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது. ஆனால் கிணற்று மேட்டில் நின்ற தாய்க்கும் டெல்லியில் கோப்பு பார்த்த அதிகாரிக்கும் கேள்வி ஒன்றுதான்: பத்துப் பேர் இறங்கும் தண்ணீரில் கொரோனா ஒட்டிக்கொள்ளுமா?

கடையநல்லூர் ஏற்கெனவே படித்த பாடம்

தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்க இந்த ஊர் 2012-லேயே கற்றுக்கொண்டது. அந்த ஆண்டுக் கோடையில் டெங்கு தாக்கிய ஊர்களில் கடையநல்லூர் முன்வரிசையில் இருந்தது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்த்தி. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு.

டெங்கு வைரஸைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையை நாடாது. குழாய்த் தண்ணீர் எப்போது வருமோ என்று வீட்டில் பிடித்து வைக்கும் டிரம், சிமெண்டுத் தொட்டி, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை இவைதான் அதற்குப் பிரசவ அறை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி நீர் தொட்டதும் பொரிந்துவிடும். வீடு வீடாக ஏறிப் பானையைக் கவிழ்த்து, தொட்டியைத் தேய்க்கச் சொல்லி, அபேட் என்ற கொசுப்புழு மருந்து ஊற்றிய வேலையின் பின்னால் இருந்தது இந்த உயிரியல்தான்.

அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தால் டெங்கு வராது. அதில் பிறந்த கொசு, வைரஸைச் சுமந்துகொண்டு கடித்தால்தான் வரும். ஒரு நோய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று சொல்வதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. எந்த வழியில் என்று கேட்டால்தான் மீதி தெரியும். காலராவும் டைபாய்டும் வாய் வழியாக நுழைகின்றன. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரில் நடப்பவரின் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக ஏறுகிறது. பிறகு பார்க்கப்போகும் ஓர் அமீபா மூக்கு வழியாக மட்டுமே கொல்லும். வழி தெரிந்தால் எந்தக் கதவை அடைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

வழி சரியாகத் தெரியாமல் கதவடைத்த வரலாறும் உண்டு. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்கள் கோடை வந்தாலே போலியோவுக்குப் பயந்து நீச்சல் குளங்களை மூடின. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போலியோ வைரஸ் மலத்தோடு வெளியேறி வாய் வழியாகப் போவது. மேலே கொழுப்பு உறை இல்லாததால் தண்ணீரில் வெகுநாள் தாங்கும். 1955-இல் சால்க் தடுப்பூசி வெற்றி என்ற அறிவிப்பு வரும்வரை அந்தப் பூட்டுகள் கோடைதோறும் விழுந்துகொண்டிருந்தன. 2020-இல் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பயந்த உலகம், தெரிந்தோ தெரியாமலோ, போலியோ காலத்துப் பயத்தைத்தான் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டது. வந்த வைரஸோ வேறு ஜாதி.

குளோரின் செய்யும் வேலை

கொரோனா வைரஸ் கொழுப்பு உறை போர்த்தியது. சோப்பு அதைச் சிதைப்பது இதனால்தான். குளோரினுக்கும் அது எளிதில் பணிந்துவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் வெண்டி பார்க்லேயின் குழு இதைச் சோதித்து 2021 ஏப்ரலில் முடிவைச் சொன்னது. நீச்சல் குளத்துத் தண்ணீரில் தனிக் குளோரின், அதாவது வேறு எதோடும் சேராமல் மிஞ்சி நிற்கும் குளோரின், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்; அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கும் 7.2-க்கும் இடையே. இப்படி இருந்தால் வைரஸின் தொற்றும் திறன் 30 விநாடிக்குள் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது.

இதில் பி.எச். எதற்கு வந்தது? தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மின்னூட்டம் இல்லாததால் கிருமியின் உறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. எதிர் மின்னூட்டத்தால் வெளியிலேயே தடுமாறும், கிருமியைக் கொல்வதில் பல மடங்கு சோம்பல். பி.எச். 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு சுறுசுறுப்பான அமில வடிவில் இருக்கிறது. 8-க்கு ஏறினால் அது கால் பங்காகச் சுருங்குகிறது. போட்ட மருந்து அதே அளவு, வேலை மட்டும் பாதிக்கும் கீழே. மருந்து போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு பி.எச். பார்க்காத குளம், பாதுகாப்பான குளம் போலத் தோற்றம் காட்டும்.

மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வாடை குளோரினுடையது அல்ல. குளிப்பவரின் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களுடையது. கண் சிவப்பதும் அவற்றால்தான். வாடை தூக்கலாக அடித்தால் குளிப்பவர்கள் மேல் கழுவாமல் இறங்கியிருக்கிறார்கள், தனிக் குளோரின் கரைந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

தனிக் குளோரினை அளக்க நம் சுகாதார ஆய்வாளர்கள் கையில் இருப்பது குளோராஸ்கோப். ஒரு கண்ணாடிக் குழாயில் மாதிரித் தண்ணீரைப் பிடித்து, அதில் ஆர்த்தோடொலிடின் கரைசலைச் சில சொட்டு விடுவார்கள். தண்ணீர் மஞ்சளாகும். குளோரின் கூடக் கூட மஞ்சள் அழுத்தமாகும். பக்கத்தில் உள்ள நிற அளவையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். குழாய்த் தண்ணீர் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். நீச்சல் குளத்துச் சோதனையில் பேசப்பட்டது அதைப்போல ஏழரை மடங்கு.

கிணற்றுக் கணக்கு

கிணற்றில் இந்த அளவுக்குக் குளோரின் போட்டு வைக்க முடியுமா? பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரக் கிணறு, ஆறு மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 600 கன மீட்டர். அதாவது 6 லட்சம் லிட்டர். குடிதண்ணீர்க் கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுச் சுகாதாரத்தில் பழகிய அளவு. இந்தக் கிணற்றுக்கு ஒன்றரைக் கிலோ. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இதில் கிடைப்பது லிட்டருக்கு சுமார் 0.7 மில்லிகிராம். நீச்சல் குளத்து அளவுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தேவை.

அப்படிப் போட்டாலும் அது அப்படியே நிற்காது. சம்பளம் வந்த அன்றே மளிகைக் கடை, பால் கணக்கு, வீட்டு வாடகை என்று பிரித்துக் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் கைச்செலவுக்கு என்பதுபோல, பாசி, இலைக் குப்பை, சேறு, இரும்புச் சத்து எல்லாம் தங்கள் பங்கைத் தின்ற பிறகுதான் குளோரின் கிருமி பக்கம் திரும்பும். மேலே திறந்த நீரில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. புற ஊதாக் கதிர்கள் தனிக் குளோரினை மளமளவென்று சிதைக்கின்றன. உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே தோட்டத்துக் கிணற்றையோ பாசனக் குளத்தையோ நீச்சல் குளம்போல் பராமரிப்பது நடக்கிற காரியம் இல்லை.

அப்படியானால் அந்தக் கிணறு ஆபத்தா? இன்னொரு கணக்குப் போடலாம். 2020 தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நோயாளிகளைப் பரிசோதித்த ஆய்வில், சளியில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக 70 லட்சம் வைரஸ் மரபணுப் பிரதிகள் இருந்தன. ஒருவர் ஒரு மில்லிலிட்டர் சளியைக் கிணற்றில் துப்பிவிட்டார், அது முழுதும் கலந்துவிட்டது என்று கொள்வோம். 6 லட்சம் லிட்டர் என்பது 60 கோடி மில்லிலிட்டர். வகுத்தால் சுமார் 86 மில்லிலிட்டருக்கு ஒரு பிரதி. முக்கால் மணி நேரம் நீந்தும் சிறுவர் தன்னையறியாமல் விழுங்கும் தண்ணீர் சராசரியாக 37 மில்லிலிட்டர் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்திருக்கிறது. அவர் வயிற்றுக்குள் ஒரு பிரதிகூடச் சராசரியாகப் போகவில்லை. எண்ணிய பிரதிகள் எல்லாம் உயிர்ப்புள்ள வைரஸும் அல்ல. இந்த வைரஸ் பெரும்பாலும் பிடிப்பது மூச்சுப்பாதையை, இரைப்பையை அல்ல.

கணக்குக்கு வரம்பு உண்டு. மியூனிக் நோயாளிகளிலேயே அதிகபட்சம் சராசரியைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் இருந்தது. துப்பிய நொடியில் பக்கத்தில் நீந்துபவருக்கு இந்தச் சராசரி பொருந்தாது. ஆனாலும் விஷயம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கு காட்டிவிடுகிறது. சந்தேகத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஓரடி மேலே தூக்க வேண்டும்.

நீர்மட்டத்துக்கு மேலே

நீந்துபவர் வாயைத் திறந்து ஆழமாக மூச்சை இழுத்து வேகமாக விடுகிறார். கிணற்றில் ஆட்டம் போடும் பிள்ளைகள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், மூக்கிலிருந்து நீரைச் சிந்துகிறார்கள். முகக்கவசம் நனைந்தால் மூச்சே விட முடியாது என்பதால் தண்ணீரில் அது ஆகாது. தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதி வேறென்ன?

சீனாவின் ஹுவாய்ஆன் நகரத்துப் பொதுக் குளியல் நிலையம் இதற்கு முதல் சாட்சி. 2020 ஜனவரியில் வூஹான் போய் வந்த ஒருவர் அங்கே குளித்தார். அடுத்த சில நாள்களில் அங்கே குளிக்க வந்தவர்களும் வேலை செய்தவருமாக எட்டுப் பேருக்கு நோய் கண்டது. உள்ளே வெப்பம் 25 முதல் 41 டிகிரி, ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதம். வெப்பத்திலும் ஈரத்திலும் வைரஸ் செத்துவிடும் என்ற அந்நாளைய நம்பிக்கையை அந்த மூடிய கட்டடம் கலைத்துவிட்டது. இங்கிலாந்து அரசு திறந்தவெளி நீச்சல் குளங்களை 2020 ஜூலை 11-இலும், கூரை போட்டவற்றை இரண்டு வாரம் தள்ளி ஜூலை 25-இலும் திறக்க விட்டதில் இந்தக் காற்றுக் கணக்கு இருக்கிறது. இந்தியா வேறு வரிசையில் போனது: முதலில் வீரர்கள், பிறகு பொதுமக்கள். யார் குளிக்கலாம் என்று நாம் கேட்டோம். எங்கே குளிக்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். காற்றில் பரவும் நோய்க்கு இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டியது.

தோட்டத்துக் கிணறு இந்த வரிசையில் எங்கே நிற்கும்? மேலே வானம் தெரிவதால் திறந்தவெளி என்று சொல்லிவிடத் தோன்றும். தண்ணீர் நிறைந்து மட்டம் தரைக்கு அருகில் இருக்கும் காலத்தில் அது சரி. கோடையில் மட்டம் நாற்பது, ஐம்பது அடி இறங்கிவிட்டால் நாலு பக்கமும் சுவர்தான். மேலே வீசும் காற்று அடிவரை வந்து பெருக்குவது குறைவு. அடியில் குளிர்ந்த காற்று கனத்துத் தங்கும். ஒரே கிணறு கார்த்திகையில் மைதானம், சித்திரையில் அறை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது என்றால் கோடையில்தான் கண்டிப்பு வேண்டும்.

பள்ளிவாசல் ஹவுளையும் இப்படிப் பார்க்கலாம். கடையநல்லூர் போன்ற ஊரில் தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை, முகம், கால் கழுவ, ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரிசையாக உட்காருவது அன்றாடக் காட்சி. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலேயே ஒளு செய்துவிட்டு வரச் சொன்னார்கள். ஹவுளின் தண்ணீரில் வைரஸ் மிதக்கும் என்ற பயத்தால் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். உண்மையான காரணம் தோளோடு தோள் உட்கார்ந்து வாய் கொப்பளித்து, மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துவதில் இருந்தது. ஏற்பாடு சரி, சொன்ன காரணம்தான் ஒரு முழம் தள்ளி விழுந்தது.

அருவியிலும் தண்ணீருக்குக் குற்றமில்லை. உயரத்திலிருந்து விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கி வேகமாக வெளியே தள்ளுகிறது. பேரருவிக்குப் பத்தடி தள்ளி நின்றாலே முகத்தில் அறையும் அந்தக் காற்று மூச்சுத் துளிகளை நொடியில் கலைக்கும். பிரச்சினை அருவிக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசை, உடை மாற்றும் அறை, எண்ணெய் தேய்த்துவிடும் இடம், வேனில் பதினைந்து பேர் அடைந்து வரும் பயணம். அனுமதி திரும்பியபோது ஒரே நேரத்தில் சிலரை மட்டும் விட்டுப் பிரித்து அனுப்பியதில் அறிவியல் இருந்தது. அந்த அறிவியல் அருவியின் பாறைக்குப் பொருந்துவது போலவே வெளியே நின்ற வேனுக்கும் பொருந்தும்.

பூட்டே வளர்த்தவை

குளத்தைப் பூட்டிவிட்டால் கிருமியும் பூட்டப்பட்டுவிடுவதில்லை. மோட்டார் நின்றால் நீர் சுழலாது, வடிகட்டி மணலில் அழுக்கு இறுகும், குளோரின் சில நாளில் தீரும், பாசி படரும். பத்து நாளில் கொசு வரும். 2007-இல் கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் இது பெரிய அளவில் நடந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் மக்கள் விட்டுப்போன வீடுகளின் நீச்சல் குளங்கள் பச்சையாகி, கொசு பெருகி, வெஸ்ட் நைல் காய்ச்சல் அந்தக் கோடையில் தாறுமாறாக ஏறியது. 2012-ஐப் பார்த்த கடையநல்லூர்க்காரருக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

குளத்தைவிட அதன் குழாய்கள் இன்னும் சூட்சுமம். மாதக்கணக்கில் நின்ற ஷவர் குழாயில், 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டில் வெடித்த நுரையீரல் நோயால் இந்தப் பெயர் வந்தது. ஷவரைத் திறந்ததும் பறக்கும் நுண்துளியோடு அது மூச்சில் ஏறும். கொரோனாவுக்குப் பயந்து பூட்டிய கட்டடத்தைத் திறக்கும் முதல் நாளே வேறொரு நிமோனியாவுக்கு வழிவிடலாம். இதனால்தான் திறக்கும் முன் எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு, குளோரினை உச்சத்துக்கு ஏற்றி, பிறகு அளவுக்கு இறக்கச் சொல்கிறார்கள்.

முன்பு சொன்ன, மூக்கு வழியாகக் கொல்லும் அமீபா நெய்க்ளேரியா ஃபவுலேரி. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். 46 டிகிரி வரை தாங்கும். விழுங்கினால் ஒன்றும் செய்யாது. குதிக்கும்போது மூக்கில் பீறிட்டு ஏறும் நீரோடு நுழைந்தால் மூளையைத் தின்றுவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024 மே முதல் ஜூலைக்குள் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் மூன்று சிறார் அமீபா மூளைக்காய்ச்சலுக்குப் பலியானார்கள். நோய் மிக அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது. முறையாகக் குளோரின் போட்ட குளத்தில் இந்த அமீபா வாழாது; கவனிப்பாரற்ற குளத்தில் வாழும். வற்றிச் சூடேறிய கலங்கல் நீரில் தலைகீழாகக் குதிப்பதைத் தவிர்ப்பதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும் கிணற்றில் குளிப்பவர் கையில் உள்ள காப்பு.

திறக்கும் வரிசை

பூட்டினால் நட்டம் ஏதுமில்லை என்று சொல்வோருக்கு ஓர் எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-க்கு மதிப்பிட்ட உலக எண்ணிக்கை 2 லட்சத்து 36 ஆயிரம். 2021 ஏப்ரலில், பெருந்தொற்றின் நடுவிலேயே, ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. குளமும் கிணறும் அணையும் சூழ்ந்த ஊரில் நீச்சல் உயிர்காக்கும் கல்வி. இரண்டு ஆண்டு அந்தக் கல்வி நின்றால், அந்த ஆண்டுகளில் பழகியிருக்க வேண்டிய பிள்ளைக்கூட்டம் நீந்தத் தெரியாமல் கூடுதலாகக் கிணற்று மேட்டில் நிற்கிறது.

அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியோடு வரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் இப்போதே எழுதி வைத்துவிடலாம். கிருமி உடம்புக்குள் நுழைவது வாய் வழியா, தோல் வழியா, மூக்கு வழியா, மூச்சு வழியா, கொசு வழியா? மூச்சு வழி என்றால் காற்றோட்டமும் ஆள் எண்ணிக்கையும்தான் சட்டம்; திறந்தவெளி முதலில், கூரை பிறகு, உடை மாற்றும் அறை கடைசியில். வாய் வழி என்றால் குளோராஸ்கோப்பின் மஞ்சள்தான் சட்டம். மஞ்சள் வராத குளம், எவ்வளவு குறைவான பேர் இறங்குவதானாலும் மூடியிருக்கட்டும். கொசு வழி என்றால் பூட்டிய குளம்தான் முதல் எதிரி. இறைத்துக் காயவிடு, அல்லது சுழலவிட்டுப் பராமரி.

கடையநல்லூர் போன்ற ஊரில் இதைச் செயல்படுத்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிணற்று மேட்டில் உள்ளவரிடம் கோடையில் ஒரு நேரத்துக்கு நாலு பேர், மழைக்காலத்தில் பத்துப் பேர் என்று காரணத்தோடு சொன்னால் அவர் நடத்திக்கொள்வார். காரணம் சொல்லாமல் குளிக்காதே என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் பெரியவர் கண்ணில் படாத கிணற்றைத் தேடிப் போவார்கள். அங்கே முங்கியவனைத் தூக்க ஆள் இருக்காது. கொரோனாவுக்குப் போட்ட தடை, கொரோனாவைவிட அந்தப் பிள்ளைக்குப் பல மடங்கு ஆபத்தான இடத்துக்கு அவனை அனுப்பிவிடும்.